பாசிப்பாறைக்காரர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். கெட்டதாகச் சொல்லச் சொன்னால்தான் யோசிக்க வேண்டும். யோசித்தால் ஒன்று கிடைக்கும். அந்த மனிதருக்கு எதையும் நேருக்கு நேர் சொல்லத் தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். அவர் இஸ்திரி இயந்திரத்தின் முன்பக்கம். ஈரம் போகாத படுக்கை விரிப்பை இரண்டு முனையும் பிடித்துச் சுருக்கமில்லாமல் சூடான உருளைக்குள் விட வேண்டும். நான் பின்பக்கத்தில் மடிப்பு மேசை. அவர் விடுவது என்னிடம் தட்டையாக, சுடச்சுட வந்து விழும். அக்கா கல்யாணத்துக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர் ஆகி, அவரையே வேலை வாங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமா ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கச் சொல்லி அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பார்க்கலாம் என்பார். அந்தப் பார்க்கலாமைக் கேட்டுக் கேட்டு என் அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் கடைசி வாரத்தில் மருத்துவமனையில் ஆள் குறைவு, நோயாளிகள் அதிகம். அந்த வாரம் மொத்தச் சலவைக்கூடத்துக்கும் சேர்த்து ஒரே ஒருவருக்குத்தான் விடுப்பு. யாருக்கு என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் கைகழுவிவிட்டார். முதலில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஒரு வருஷம் சீட்டை மடித்ததில் ஏதோ தில்லுமுல்லு என்று அடிதடி வரைக்கும் போனது. அதற்கப்புறம்தான் இயந்திரம் பழுது பார்க்கிற மெக்கானிக் தம்பி தன் போனில் ஒரு விளையாட்டைக் காட்டினான். ராட்சதப் பிராணிகளை வளர்த்துச் சண்டைக்கு விடுகிற விளையாட்டு. ஆளுக்கு மூன்று பிராணி. ஒருத்தர் மூன்றும் விழுந்தால் தோல்வி. நேரம் முடிந்தும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தால் யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவருக்கு வெற்றி. இதில் யாரும் சீட்டை மடிக்க முடியாது என்றான். எல்லாரும் பிடித்துக்கொண்டோம். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இடைவேளையில் தீயும் மின்னலும் கக்க ஆரம்பித்தார்கள்.

மாமா மட்டும் கக்கவில்லை. அவர் எடுத்தது பாசிப்பாறை என்ற ஒன்று. பெயருக்கேற்ற உருவம்தான். பாசி படிந்த ஒரு குண்டுக் கல், அதில் தூங்கி வழிகிற இரண்டு கண்கள். அடிக்கத் தெரியாது. மற்றவர்கள் பிராணிக்கு வேகம், அடி என்று புள்ளிகளைச் சேர்ப்பார்கள். மாமா எல்லாவற்றையும் உடம்பிலேயே போட்டார். அவருடைய ஆட்டம் மொத்தமே மூன்று வேலை. ஒரு முறை எதிராளி மேல் நச்சுத்தூளைத் தூவிவிட வேண்டும். பிறகு ஒரு சுற்று மூடிக்கொள்ள வேண்டும், அப்போது எந்த அடியும் ஏறாது. அடுத்த சுற்று வேர் இறக்க வேண்டும், இழந்த உயிர் திரும்ப ஊறும். தொடர்ந்து இரண்டு சுற்று மூடிக்கொள்ள முடியாது, அதனால் எந்தச் சுற்றில் மூடுவது என்பதில்தான் சூட்சுமம். இதற்குள் நஞ்சு எதிராளியை உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். பாசிக்குத் தீ ஆகாது என்று புதிதாக வருகிறவன் எல்லாம் தீப்பிராணியைக் கொண்டுவருவான். மாமா பாறைக்கு நனைந்த போர்வை ஒன்றை மாட்டிவிட்டிருப்பார். அதைப் போட்டால் தீயின் வேகம் பாதிதான். பெரிய அடிகளைச் சில தடவைதான் பயன்படுத்த முடியும். எதிராளி அதையெல்லாம் மூடிக்கிடக்கிற கல்லின் மேல் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் நகத்தால் பிராண்டிக்கொண்டிருப்பான்.

பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும். பாதிப் பேர் சலித்துப்போய் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கல்லில் முட்டிக்கொண்டால் நமக்குத்தான் மண்டை வீங்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன். மாமா சிரிக்கவும் மாட்டார். ஆனால் அன்று சாயங்காலம் பேருந்தில் ஏறும்போது கொஞ்சம் நிமிர்ந்து ஏறுவார். அதை நான் கவனித்திருக்கிறேன். அவருடைய வாழ்க்கையில் அவரைப் பார்த்து யாராவது பயந்தார்கள் என்றால் அந்தக் கல் வழியாகத்தான்.

அந்த வருஷம் விடுப்பு யாருக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தையலக்காவுக்கு. கிழிந்த விரிப்புகளையும் நாடா அறுந்த அறுவை அங்கிகளையும் தைக்கிற அறை அவருடையது. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஊசியைப் பிடித்தே ஒரே மகனை ஆளாக்கினார். மகன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறான். வருஷக்கணக்காக முகம் பார்க்கவில்லை. அந்தக் கடைசி வாரத்தில் அவன் கப்பல், ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருக்கிற துறைமுகத்துக்குச் சரக்கு இறக்க வருகிறது. துறைமுகத்தைத் தாண்டி அவன் வெளியே வர முடியாது. அம்மாதான் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்து எப்போது என்று அவனுக்கே தெரியாது.

அந்த வாரத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் தையலக்காவிடம் அது நடக்காது. அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் பதிலுக்கு நம் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போடுகிற ஜாதியும் இல்லை. ஆட்டத்தில் ஜெயித்து எடுத்துக்கொள்வேன் என்று முறையாகப் பெயர் கொடுத்திருந்தார். பழகவும் பழகினார். தீக்குருவி ஒன்றை வளர்த்து, நஞ்சு ஏறாமல் இருக்க அதற்கு நச்சுமுறித் தாயத்து ஒன்றையும் கட்டிவிட்டிருந்தார். பாசிப்பாறையை எண்ணித்தான் அந்த ஏற்பாடு என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் தையல் அறையில் இருந்த நேரமாகப் பார்த்து மற்றவர்கள் கூடிப் பேசினோம். யாருக்கு அவரோடு ஆட்டம் விழுந்தாலும், அவருக்குத் தெரியாதபடி, பக்குவமாகத் தோற்றுவிட வேண்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். மாமாவும் தலையாட்டினார். அப்போது மெக்கானிக் தம்பி சொன்னான், "அண்ணனுக்கு என்ன கஷ்டம்? தோக்கறதுல அவருக்கு எத்தனை வருஷ அனுபவம்." எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான். கொழுந்தியாளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன. மாமாவும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

நான் தையலக்காவிடம் தோற்றேன். மெக்கானிக் தோற்றான். உலர்த்தி இயந்திரத்தில் நிற்கிறவர் நாடகமே போட்டார், தலையில் கைவைத்துக்கொண்டு ஐயோ போச்சே என்றார். தையலக்கா ஒவ்வொரு வெற்றிக்கும் முகம் மலர்ந்துபோனார். மகனுக்குப் போன் போட்டு, நான் இதில் கெட்டிக்காரியாக இருக்கிறேனடா என்று சொன்னதை நானே கேட்டேன். மறுபக்கத்தில் மாமா வழக்கம்போல் எல்லாரையும் சலிக்கவைத்து மேலே வந்திருந்தார். கடைசி ஆட்டம் அவர்கள் இரண்டு பேருக்கும்.

மதிய இடைவேளையில் ஓய்வறைத் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் போட்டார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அவர் மேல் பழி போடுகிற அவசரத்தில் இதை விட்டுவிடக் கூடாது. மாமா தோற்கத்தான் வந்தார். பாறைக்குப் போர்வை மாட்டவில்லை. திரையில் போர்வை இல்லாத கல்லைப் பார்த்ததும் மெக்கானிக் தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். முதல் இரண்டு பிராணிகள் இரண்டு பக்கமும் விழுந்தன. பாசிப்பாறைக்கு எதிரே தீக்குருவி நின்றது. குருவி ஏற்கெனவே பாதி அடிபட்டிருந்தது. தையலக்கா முதல் பெரிய அடியை விட்டார். போர்வை இல்லாத கல் கருகி, அதன் உயிரைக் காட்டுகிற பட்டை சடாரென்று இறங்கியது. இன்னொரு அடி அப்படி விழுந்தால் கதை முடிந்தது.

அப்போது பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள், அண்ணன் நம்மளை ஏமாத்த மாட்டார் என்று. இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மாமா போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதம் மாறியது. உருளைக்குள் விரிப்பு சுருண்டு மாட்டிக்கொண்டால் அவர் குனிந்து நிற்பாரே, அந்த நிலைக்கு வந்துவிட்டார்.

அடுத்த பெரிய அடிக்கு அவர் மூடிக்கொண்டார். சரி, சந்தேகம் வராமல் இருக்கச் செய்கிறார் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் வேர் இறக்கினார். தையலக்கா யோசித்து, சின்னச் சுடரை விட்டார். அதற்கு அவர் மூடவில்லை, பட்டுக்கொண்டார். அதற்கடுத்து பெரிய அடி வந்தது. சரியாக அந்தச் சுற்றில் மூடிக்கிடந்தார். தையலக்கா மனதில் நினைக்கும் முன்பே இவருக்குத் தெரிந்தது போலிருந்தது. பெரிய அடி ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் பட்டுத் தெறித்து வீணாகித் தீர்ந்தது. அத்தனை வருஷமாக அவர் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அதுதான். போர்வை இல்லாமல், நஞ்சு ஏறாத எதிராளியிடம், வெறும் பொறுமையை மட்டும் வைத்து ஆடினார்.

நேரம் முடியப் போகிறது. ஒரே ஒரு சுற்று மிச்சம். குருவிக்கு உயிர் ஒரு மயிரிழை அதிகம். தையலக்காவிடம் இனிச் சின்னச் சுடர் மட்டும்தான். மாமா எதையும் விட்டுக்கொடுப்பது போல் காட்டிக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. மூடிக்கொண்டாலே போதும், தையலக்கா ஜெயித்துவிடுவார். நச்சுத்தூளைத் தூவினாலும் அது தாயத்தில் பட்டு வீணாகும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான் அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். அவர் கட்டைவிரல் நச்சுத்தூளின் மேல் போனது. நின்றது. பிறகு நகர்ந்து வேரை அழுத்தியது.

கல்லுக்கு உயிர் ஊறியது. சின்னச் சுடர் அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்தது. நேரம் முடிந்தது. திரையில் பாசிப்பாறை தூங்கி வழிகிற கண்ணைச் சிமிட்டியது.

யாரும் கைதட்டவில்லை. தையலக்கா மட்டும் எழுந்து வந்து, நல்லா ஆடுனீங்க தம்பி என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வர வெகுநேரமானது. சூப்பர்வைசர் பலகையில் கடைசி வாரத்துக்கு நேராக மாமாவின் பெயரை எழுதினார்.

வீட்டில் அக்காவிடம் அவர் சொன்னது இதுதான்: தோற்கத்தான் பார்த்தேன், அந்தப் பிராணி அப்படி, அதற்குச் சாகத் தெரியாது, நேரம் முடிந்துவிட்டது, நான் என்ன செய்ய. அக்கா பாவம் நம்பினாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் உள்ளே போகவில்லை. மறுநாள் பேருந்தில் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் நின்றுகொண்டார். வெட்கம் அவரை அரித்தது. அவர் வெட்கத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது, அதில் என் குரல்தான் பெரியது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கவும் இல்லை. அந்த மறுநாளே தையல் அறைக்குப் போனார். நான் கிழிந்த விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் காதில் விழுந்தது. எனக்கு அந்த வாரம் வேண்டாம்க்கா, நீங்க எடுத்துக்கோங்க என்றார். சூப்பர்வைசரிடம் இரண்டு பேரும் போய்ச் சொன்னால் பெயரை மாற்றிவிடுவார் என்றார். தையலக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, ஜெயிச்சது நீங்க, எனக்கு எதுக்கு என்று கேட்டார். அங்கே மாமாவுக்கு வாய் குழறியது. உண்மையைச் சொல்லாமல் சுற்றி வளைக்கப் போய், பள்ளத்தில் விழுந்தார்.

"நீங்க போகணும்னுதான்க்கா எல்லாரும் நினைச்சோம். எல்லாருமே உங்களுக்காக விட்டுக்கொடுத்தாங்க. எனக்கு மட்டும்தான் நேரம் போனது தெரியாம இப்படி ஆயிடுச்சு."

தையல் இயந்திரம் நின்றது. மெக்கானிக்குமா என்று கேட்டார். மாமா தலையாட்டினார். தையலக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த விரிப்பை மடிக்கத் தொடங்கினேன், கிழிந்த விரிப்பை யாராவது மடிப்பார்களா. அந்த ஒரு நிமிஷத்தில், மகனிடம் போனில் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு வெற்றியையும் அவர் கையிலிருந்து நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

"சரி தம்பி, வேண்டாம்" என்றார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு மாமா செய்தது என்ன என்றால், மூடிக்கொண்டார். தையல் அறை இருக்கிற நடைபாதையைவிட்டு, உலர்த்தி இயந்திரங்களின் பின்பக்கமாக வேர்க்க விறுவிறுக்கச் சுற்றிப் போனார். தையலக்கா ஓய்வறைக்கு வந்தால் இவர் எழுந்துவிடுவார். ஒரு தடவை போய்ப் பாருங்க, காலில் விழுந்தாவது கேளுங்க என்று நான் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். சூப்பர்வைசரிடம் போய், தனக்கு விடுப்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். பலகையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதில் வேறு யார் பெயரையும் எழுதச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

கடைசி வாரம் வந்தது. வழக்கத்தைவிட விரிப்புகள் மலைபோல் குவிந்தன. மாமா முன்பக்கத்தில் நின்று விட்டுக்கொண்டிருந்தார், நான் பின்பக்கத்தில் வாங்கி மடித்துக்கொண்டிருந்தேன். தையலக்கா தினமும் நேரத்துக்கு வந்து தன் அறையில் உட்கார்ந்தார். போக வேண்டியவரும் போகாமல், ஜெயித்தவரும் போகாமல், பலகையில் விடுப்பு இடம் காலியாகவே இருக்க, எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம்.

வாரம் முடிகிற சமயத்தில் மாமா திடீரென்று உருளைக்கு முன்னாலிருந்து நகர்ந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக நடைபாதையில் நடந்தார். ஒரு கட்டு விரிப்பை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

தையலக்கா ஒரு அங்கிக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தார். மாமா வாசலிலேயே நின்றார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நேரம் போனதெல்லாம் பொய். கடைசிச் சுத்துல நான் தோத்திருக்கலாம். எதை அழுத்தணும்னு எனக்குத் தெரியும். ஜெயிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நீங்க உங்க பையனைப் பார்க்கணும்ங்கறது தெரிஞ்சும் ஆசையா இருந்துச்சு. அதான் அழுத்தினேன்."

தையலக்கா ஊசியை அங்கியில் குத்தி வைத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப நீ ஒருத்தனாவது என்கூட நெஜமா ஆடியிருக்க" என்றார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, எடுத்தியே அந்த வாரத்தைக் குடுடான்னு நானே உன் கையில இருந்து பிடுங்கிட்டுப் போயிருப்பேன். நீ தானம் கொடுக்கற மாதிரி வந்து நின்ன. அப்புறமும் மனசு கேட்கல. இன்னொரு தடவ நீ வந்து கேட்பியோன்னு பையைக் கட்டி வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமா சுத்திச் சுத்திப் போனியே, தெரியாதுன்னு நினைச்சியா. கப்பல் நேத்து கிளம்பிடுச்சு தம்பி."

மாமா உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை, வாசலில் அப்படியே நின்றார். தையலக்கா ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து நாடாவைத் தைக்கத் தொடங்கினார். கூடத்திலிருந்து இஸ்திரி இயந்திரத்துக்கு ஆள் எங்கே என்று யாரோ கூப்பிட்டார்கள். மாமாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கையில் இருந்ததை அங்கேயே போட்டுவிட்டு, அவருக்குப் பதிலாக நான்தான் போய் நின்றேன்.